பதில் வராவிட்டால்

உங்கள் ஸ்டேஷன் மேஜை விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது, ஐயா. அந்தக் கிறீச் சத்தம் அதனால்தான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். வந்ததிலிருந்து சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன சாமானைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்கு வராது.

மூன்று வாரத்தில் இரண்டு பேர் ஒரே தொட்டியில் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

எங்களுடையது பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்கிற ஆலை. பதினோரு வருஷம் அங்கே பேல் தூக்கினேன். பேல் என்றால் கம்பி போட்டுக் கட்டிய காகிதக் கட்டு. அப்பாவும் அதைத்தான் தூக்கினார். அவர் செத்த அன்றுகூட அவரை நிமிர்த்திப் படுக்கவைக்க முடியவில்லை. எனக்கும் இடுப்பில் இரண்டு எலும்பு நகர்ந்திருக்கிறது. குனிந்தால் கண்ணில் பூச்சி பறக்கும்.

மெஷின்களை ஓட்டுகிற புதுக் கன்ட்ரோலர் ஒன்றை ஆலையில் வைத்தபோது, வைக்க வந்தவர்களுக்கு ஏணி பிடித்தேன், பெட்டி சுமந்தேன், வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். அவர்கள் போனபின் அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். லேப்டாப் வயரை மாட்டிக்கொண்டு மெஷின் மெஷினாகப் போனதால் எனக்கு 'டாக்டர்' என்று பேர் வைத்தார்கள். கேலிதான். ஆனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அப்பா ஒருநாள்கூட உட்கார்ந்து சம்பாதித்ததில்லை.

கன்ட்ரோலர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மேஸ்திரி காலையில் ஆள் கூப்பிடுவது மாதிரிதான் அது. பம்பே, ஓடுகிறாயா? தொட்டியே, எவ்வளவு நிறைந்திருக்கிறாய்? மூடியே, திறந்திருக்கிறாயா? ஒவ்வொன்றின் பக்கத்திலும் பதில் சொல்ல ஒரு சின்னப் பெட்டி உண்டு; நொடிக்கு நாலு தடவை எல்லாப் பெட்டிகளையும் கேட்டுக்கொண்டே இருக்கும். யாரைக் கேட்பது, என்ன கேட்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நாம் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பத்தொரு வரி, அத்தனையும் என் கையால் போட்டவை. ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டம், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது. அதற்கு இரண்டே வழிகள். ஓட்டத்தை நிறுத்தலாம். இல்லையென்றால் கடைசியாக வந்த பதிலையே உண்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

பதினேழாவது வரி கூழ்த்தொட்டியின் மூடி. தொட்டிக்கு அடியில் ஆள் நீளத்துக்கு ஒரு கலக்கும் தகடு உண்டு. கூழ் இறுகிவிடாமல் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தானே சுற்றும். மூடியின் ஓரத்தில் ஒரு சுவிட்ச்; மூடி அடைத்தால் அமுங்கும், திறந்தால் எழும்பும். திறந்திருந்தால் தகடு சுற்றாது. கழுவ இறங்குகிறவர்களின் உயிர் அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. கீழே மெயின் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். அதை இறக்கினால் பக்கத்துத் தொட்டிகளும் சேர்ந்து நிற்கும், அதனால் மேலாளர் அதன் சாவியைக் கொடுப்பதில்லை. 'மூடியத் தெறந்தா நிக்கப்போகுது' என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

மூடிக்குப் பக்கத்திலிருந்த பெட்டிக்குள் ஆவியும் தண்ணீரும் இறங்கும். இறங்கினால் ஊமையாகிவிடும், காய்ந்ததும் பேசும். ஊமையான ஒவ்வொரு தடவையும் ஆலை நின்றது. ஒரே வாரத்தில் ஒன்பது தடவை. புதுப் பெட்டி கேட்டேன், ஸ்டோரில் இல்லை என்றார்கள். பாலித்தீன் சுற்றினேன், பசை பூசினேன், வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதைக் கும்பிடக்கூடச் செய்தேன். பத்தாவது தடவை நின்றபோது மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"டாக்டரே, இன்னொரு தடவ நின்னுச்சுன்னா படிச்ச எஞ்சினியரக் கூட்டிட்டு வந்துருவேன். நீங்க பழையபடி பேல் தூக்கப் போங்க. உங்க கைராசி அங்கதான் நல்லா இருந்துச்சு."

அன்று மத்தியானம் பதினேழாவது வரியின் கடைசிக் கட்டத்தை மாற்றினேன். கடைசிப் பதிலை வைத்துக்கொள். அதன்பின் ஆலை நிற்கவில்லை. மேலாளர் என் தோளில் கை போட்டார்.

முதலில் போனவர் தொட்டி கழுவுகிறவர், நெட்டை என்றுதான் ஆலையில் கூப்பிடுவோம். மூடிக்குள் நுழைய இரண்டு மடிப்பாக மடிய வேண்டும் அவர். அவர் திறந்தபோது பெட்டி ஊமையாக இருந்தது. கன்ட்ரோலருக்குத் தெரிந்தவரை மூடி அடைத்தே இருந்தது. நேரம் வந்தது, தகடு சுற்றியது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான். அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. என் பையில் கட்டுக்கம்பியும் குறடும் இருந்தன. மூடியின் சுவிட்சை அமுக்கி, கம்பியால் கட்டினேன். அரை நிமிஷ வேலை. முன்பு சிலர், மெஷின் நிற்காமல் உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக அப்படிக் கட்டுவதுண்டு. விசாரணைக்கு வந்தவர்கள் கம்பியைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள், என் பட்டியலையும் நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசிக் கட்டத்தை யாரும் படிக்கவில்லை. அவருடைய மனைவி வாசலில் வந்து, "அவரு அப்படி அசட்டையான ஆளா அண்ணா?" என்று கேட்டாள். அவசரப்பட்டுட்டாரும்மா என்றேன்.

அப்போதே வரியைத் திருத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. மாற்றுகிற ஒவ்வொன்றும் தேதியோடு பதிவாகும், ஐயா. அவர்கள் கையில் நகல் இருக்கிறது. திருத்துவதும், நான்தான் என்று எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான். அதனால் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் தொட்டியைத் திறக்க அனுமதி வந்தது. கழுவுகிறவர்கள் இறங்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். என் மனைவியின் தம்பி அங்கே எலக்ட்ரீஷியன், நான் சேர்த்துவிட்டவன். அன்று சாயங்காலம் குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னான்:

"மாமா, நெட்டையண்ணன் போன அன்னைக்குக் காலைல அந்த சுவிட்ச நான்தான் தொடச்சேன். கம்பி இல்ல."

"நீ போனப்புறம் கட்டியிருப்பான், மாப்ள."

"அவரு கைல கம்பி கெடச்சா மொதல்ல பிஞ்ச செருப்பத்தான் கட்டுவாரு." சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை. "கன்ட்ரோல்ல ஏதோ கோளாறுன்னு பேசிக்கறாங்க. உங்களத்தான் சொல்றாங்க. எனக்குக் கேக்கப் பொறுக்கல. நாளைக்கு அவங்க முன்னாடி நான் மூடியத் தெறக்கறேன். நீங்க திரையப் பாத்து என்ன காட்டுதுன்னு வாக்கிடாக்கில சொல்லுங்க. சரியா இருந்தா மொதல்ல நானே எறங்கறேன். எல்லார் வாயும் அடைஞ்சுரும்."

அவன் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போனேன். பெட்டியைத் திறந்து துணியால் ஒற்றி, வெப்பக்காற்று பிடித்து, புது பாலித்தீன் சுற்றினேன். முழங்காலில் நின்று செய்தேன், இடுப்பு பிளந்தது. பெட்டி நன்றாகப் பேசியது. நிம்மதியாகக் கன்ட்ரோல் அறைக்குப் போனேன். எட்டரை மணிக்குத் தொட்டியை வெளிப்பக்கம் கழுவுகிறேன் என்று யாரோ குழாயால் தண்ணீர் பீய்ச்சிவிட்டார்கள்; பெட்டி மறுபடி நனைந்துவிட்டது.

"தெறந்துட்டேன், மாமா. என்ன காட்டுது?"

திரையில் 'மூடி: அடைப்பு' என்று இருந்தது. அதற்குக் கீழே, அடுத்த கலக்கலுக்கு நாலு நிமிஷம் பத்து நொடி.

"மாமா, கேக்குதா?"

மேலே தொட்டிப் பக்கம் கழுவுகிறவர்கள் பதின்மூன்று பேரும் மேலாளரும் நின்றார்கள். அறையில் நான் மட்டும்.

"கேக்குது. தெறந்திருக்குன்னு காட்டுது."

"அப்ப எறங்கட்டுமா?"

"எறங்கு."

வாக்கிடாக்கிப் பொத்தானை விடாமலே அவர்களிடம் சொன்னான்: "பாத்தீங்களா? எங்க மாமா போட்ட வேலை." யாரோ சிரித்தார்கள்.

திரையின் பதிவு ஒன்று சொல்கிறது, பதின்மூன்று பேர் காதால் கேட்டது வேறொன்று. எது பொய் என்று கேட்டுத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள். நான் சொன்னதுதான் பொய்.

என் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது, உள்ளங்கை அளவு. அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டி எந்த நொடியும் பேசலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் போனது, இரண்டு போனது. வாக்கிடாக்கியில் கூப்பிட்டு ஏறி வா என்றிருக்கலாம். ஏன் என்று அவனும் கேட்பான், எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கையில் கேட்பான். கடைசி அரை நிமிஷம் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி எப்படிப் போனான் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். கூடவே, அந்த நாலு நிமிஷமும் அவன் நல்லபடியாக ஏறி வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுங்கள், ஐயா. அது தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.