நாக்குக்கு அடியில் வேட்டு

— இந்தா அய்யாத்துரை கம்பவுண்டரே, உன் மாத்திர பாட்டில நீயே வச்சுக்க. எங்கூட்டுக்காரருக்கு வேற எதுனா குடு.

— என்ன வேம்பு, பாட்டில் நனைஞ்சு கெடக்கு?

— தண்ணிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்தேன். மூடி இறுக்கிதான் கீது. வூட்ல அடுப்பு எரியுது இல்ல?

— அடுப்புக்கும் நெஞ்சுவலி மாத்திரைக்கும் என்ன தாயி சம்பந்தம்?

— தெரியாத மாரி கேக்காத. பாஸ்கல் அண்ணன் அல்லாத்தையும் சொல்டாரு. ஹார்பருக்குக் கல்லு ஒடைக்கிற எடத்துல வேட்டு வைக்கிறவரு அவுரு. பாறைக்கு வைக்கிற அதே மருந்துதான் இதுலயும் கீதாம். சனிக்கெயமலேந்து வூட்ல ஒரே பேஜாரு. பீடிய புடுங்கிட்டேன். தும்மாதய்யா, பையக் குந்துய்யான்னு சொல்லிகினே கீறேன்.

— பாஸ்கல் சொன்னது மெய்தான். ஆனா இதுல இருக்கது ஒரு கடுகுல பாதி கூட வராது. அதையும் மாவுல கலந்துல்லா உருட்டிருக்கான். வெடிக்காது. நெஞ்சுக்கு ரத்தம் கொண்டு போற கொழாய் சுருங்கிக் கெடக்குல்லா? அத விரிச்சு விடும், அம்புட்டுதான்.

— விரிக்கும்னு நீயே சொல்ற. பாறையும் அப்டிதான் விரியுது.

— உங்கிட்ட பேச முடியாது. உம் புருசன் சுப்பராயன் எங்க இப்ப?

— வெளிய மரத்தடியில குந்த வச்சிருக்கேன். பக்கத்துல ஒரு ரிச்சாகாரன் நின்னுகினு இருந்தான். நவுந்து போய்டு நைனான்னு சொல்டேன்.

— நல்லாச் செஞ்ச. இந்தா பாரு, சொல்லுதேன் கேளு. பாட்டில் அவரு சட்டைப் பையில இருக்கணும். ஹார்பர்ல மூட்டை தூக்கையில வலி வந்தா உன் பானையத் தேடியா ஓடியாருவாரு? ஆளு போயிருவாரு, தாயி. வெடிக்காமலே போயிருவாரு.

— அப்டி சொல்லாத. நேத்து மத்தியானம் கூட வலி வந்துச்சு. குட்றி குட்றின்னு கையப் புடிச்சுகினு அயுதாரு. மனசு கேக்கல. பானையில கைய வுட்டு, ஒண்ணு எடுத்துக் குட்தேன்.

— வலி நின்னுச்சா?

— நின்னுச்சு.

— பொறவு என்ன? தலை மட்டும் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். அதுக்குப் பயப்படாத.

— தெரியும். எனக்கு சாய்ந்தரம் வரிக்கும் தெறிச்சுது.

— உனக்கா? உனக்கு ஏன் தெறிக்கி?

— அது வெடிச்சா அவுரு மட்டும் போய்டுவாரு இல்ல? அப்பால நான் தனியா இன்னா பண்றது? நானும் ஒண்ண நாக்குக்கு அடியில வச்சுகினு, அவுர கெட்டியா கட்டிப் புடிச்சுகினேன்.