கொஞ்சம் ஏத்துங்கண்ணா

எங்கள் ரேடியோ ஸ்டேஷனில் ஹெட்போனைத் துடைத்து வைக்கிற பழக்கம் எனக்கு மட்டும்தான் உண்டு, சார். பேச வருகிறவர்கள் மாட்டுவார்கள், பேசுவார்கள், வியர்வையோடு மேஜைமேல் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்து ஆணியில் மாட்டுவேன். காதில் படுகிற பொருள் இல்லையா.

நாற்காலி வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், நின்றே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச மாதமாக அப்படித்தான்.

என் பெயர் சுப்பிரமணி. வடக்குப்பட்டு. ஒரகடத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சமுதாய வானொலியில் டெக்னீஷியன். சுற்றி இருக்கிற ஊர்களுக்கு மட்டும்தான் கேட்கும். கண் சிகிச்சை முகாம், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நடுநடுவே சினிமாப் பாட்டு, இவ்வளவுதான் எங்கள் ஸ்டேஷன். மெர்சி வந்த பிறகு ஜாஸும் வந்தது.

மெர்சியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி பிரஸ் ஷாப் இரைச்சலில் வேலை செய்து காது போன பெண் என்று பேப்பரில் வந்தது. பென்னலூர். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் லைனில் இருந்தாள். அவள் அப்பா கல்யாண பேண்டில் டிரம்பெட் வாசித்தவர். அந்த வாத்தியத்தை செல்போனில் தேடிக்கொண்டே போய் ஜாஸில் விழுந்தேன் என்பாள். சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்காக ஒரு மணி நேர நிகழ்ச்சி. 'பஸ் வர்ற வரைக்கும்' என்று அவள்தான் பெயர் வைத்தாள்.

யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்டார்கள். அவள் பேச்சு அப்படி.

"இவங்க எழுதி வச்சத வாசிக்கலங்க. அந்த நிமிஷம் மனசுல இன்னா தோணுதோ அத ஊதுறாங்க. நம்ம லைன்ல ஒரு போல்ட்ட இஷ்டத்துக்கு மாத்திப் போட முடியுமா? சூப்பர்வைசர் வுடுவாரா? இங்க போடலாம். போட்டுட்டு திரும்பி வந்து சேர்ந்துக்கலாம். கேளுங்க."

எனக்கு அந்த இசை பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உட்கார விடாது, அவ்வளவுதான். ஒரு பாட்டு என்றால் பல்லவி எப்போது திரும்பும் என்று தெரிய வேண்டும் எனக்கு. இது எங்கே போகும், எப்போது வரும் என்று ஒன்றும் புரியாது. ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் எழுந்து எழுந்து நிற்பேன். அந்தப் பக்கம் அவள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். டிரம்ஸ்காரர் கம்பி பிரஷ்ஷால் தட்டைத் தேய்க்கிற மெல்லிய சத்தம் ஒன்று உண்டு. அது வரும்போது அவள் விரல் லேசாக எழும். அவளைப் பார்த்துத்தான் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை நேயர்களிடம் இது என்ன வாத்தியம் என்று கேட்டாள். யாரும் போன் செய்யவில்லை. "மணி அண்ணா சொல்லுவாரு" என்று மைக்கை என் பக்கம் திறக்கச் சொன்னாள். சாக்சபோன் என்றேன். குழலின் வாயை மூடி போட்டு அடைத்து வாசித்த டிரம்பெட்டாம். அவள் சிரித்தாள். "நம்ம அண்ணனுக்குக் கை சுத்தம். காதுதான் கொஞ்சம் டல்லு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதற்கப்புறம் டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், "இன்னாண்ணா, நான் பேசுறது கேக்குதா?" என்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்களாக முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

அதற்கப்புறம்தான் ஹெட்போன் லைனில் இருந்த ஒரு சின்ன சர்க்யூட்டை எடுத்தேன். சத்தம் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கிற சர்க்யூட். அது இருந்தால் சத்தம் தட்டையாக இருக்கும். எடுத்தால் துல்லியமாக இருக்கும். அவளுக்கு நல்லதுதானே. பாட்டுத் தேர்ந்தெடுக்க வாரத்தில் பாதி நாள் ஷிஃப்ட் முடிந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் நான் இந்தப் பக்கம் வால்யூமை ஒரு சிறு திருகல் ஏற்றி வைப்பேன். போகப்போக அவளே கேட்க ஆரம்பித்தாள். "கொஞ்சம் ஏத்துங்கண்ணா, ஒரு மாதிரி அமுங்கிக் கேக்குது." ஏற்றினேன். கேட்டதைக் கொடுத்தேன், சார். கேட்காததை இல்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். சென்னையில் ஒரு புது ரேடியோ ஆரம்பிக்கிறார்கள், இவள் நிகழ்ச்சியை யாரோ பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள், ஆடி மாதம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"தினமும் ஜாஸ்ண்ணா. தினமும். பிரஸ் ஷாப்ப வுட்டுறலாம். நீங்களும் வாங்க. உங்களப் பத்தி அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

நான் ஹெட்போனை எடுத்துத் துடைத்தேன். அங்கே அவளுக்கு யாரைத் தெரியும்? ஹெட்போனையாவது துடைத்துக் கொடுப்பார்களா?

பிரஸ் ஷாப்பில் காதுக்குள் ரப்பர் பிளக் வைத்துக்கொள்ள வேண்டும். நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி. எங்கள் ஸ்டேஷனுக்கு வந்ததும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஹெட்போன் மாட்டுவாள். "அழுக்கா இருக்கு, கழுவித் தர்றேன்" என்று எடுத்துப் போனேன். "எங்க அம்மாகூட இவ்ளோ பாக்காது" என்றாள். அவள் அம்மா லூர்தம்மாள் நல்ல மனுஷி, சார். கேக் செய்தால் எனக்கும் கொடுத்தனுப்புவார்.

பின்னறையில் சால்டரிங் அயர்னில் ஊசியைக் காய்ச்சி, பிளக்கின் நடுவில் நீளவாக்கில் விட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. என் காதில் மாட்டிப் பார்த்தேன். ஃபேன் சத்தம் தெளிவாகக் கேட்டது. சோதித்துப் பார்க்காமல் எந்த வேலையையும் நான் கொடுக்க மாட்டேன்.

கம்பெனியில் சத்தம் அதிகமாகிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தாள். அங்கே சேஃப்டி ஆபீசர் அருள்பாண்டி என்று ஒருவர், தூத்துக்குடிப் பக்கம். அவர் உடனே புது பிளக் கொடுத்தார். அதையும் நான் கழுவிக் கொடுத்தேன். மறுபடி கேட்டாள், மறுபடி கொடுத்தார். அவரைக் குறை சொல்லவே முடியாது.

கோடையில் காதுக்குள் வண்டு ரீங்காரம் போடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு சனிக்கிழமை, அந்தக் கம்பி பிரஷ் சத்தம் வருகிற பாட்டு ஓடியது. அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். அந்த இடம் வந்து போய்விட்டது. விரல் எழவில்லை. கண்ணைத் திறந்து, "அண்ணா, இது வேற ரெக்கார்டா? இதுல பிரஷ் வரலியே" என்றாள். எனக்கும் எதுவும் காதில் விழவில்லை என்றேன். அது உண்மைதான், சார். எனக்கு எப்போது அது விழுந்தது?

அன்றைக்கு எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் லாரிகளுக்குப் பக்கத்திலேயே வெகுதூரம் நடந்தேன். நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆடி வர இன்னும் நாள் இருந்தது.

ஆடியில் சென்னைக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் மூன்று பேர் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். அவள் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துப் பார்த்துத் திரும்பினாள். ஒன்று கேட்டால் வேறொன்று சொன்னாள். அவர்கள் மரியாதையாகவே அனுப்பி வைத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது செம்பரம்பாக்கம் ஏரி தாண்டுகிற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "ரெண்டு பேரு சேந்து பேசினா இன்னான்னே புரியலண்ணா. யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். சொல்லவில்லை.

டாக்டர் காதைச் சோதித்துவிட்டு பிரஸ் ஷாப் சத்தம் என்றார். யூனியன் போராடியது. இவள் பிளக் மாட்டினாள் என்று கூட வேலை செய்த எல்லோரும் சாட்சி சொன்னார்கள். அப்படியானால் பிளக் மட்டமானது என்று அருள்பாண்டியை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விட்டார். அந்த மனுஷன் பாவம் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிகழ்ச்சி நிற்கவில்லை, சார். அதுதான் முக்கியம். இப்போது நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் பக்கத்திலேயே உட்காருகிறேன். பாட்டு முடிந்தால் மணிக்கட்டில் தட்டுவேன். "இப்ப யாருண்ணா வாசிக்கிறாங்க?" என்று கேட்பாள். உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொல்வேன். நான் டிரம்பெட் என்றால் அவள் டிரம்பெட் என்று ஊருக்குச் சொல்வாள். பாட்டுகளையும் நான்தான் எடுக்கிறேன். எங்கே போகும், எங்கே திரும்பும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையே போடுகிறேன். கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறார்கள். அவளுக்கு அது தெரியாது.

இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்கிறீர்கள். அருள்பாண்டிக்காகத்தான், வேறென்ன? செய்யாத தப்புக்கு ஒரு குடும்பம் கஷ்டப்படக் கூடாது. கம்பெனியும் செய்யாத தப்புக்குச் செலவு செய்யக் கூடாது. வருகிற வாரம் கம்பெனி செலவில் மெர்சியைச் சென்னைக்குக் கூட்டிப்போய் இரண்டு காதுக்கும் நல்ல வெளிநாட்டு மெஷின் பொருத்தப் போகிறார்கள். லூர்தம்மாள் சந்தோஷத்தில் சர்ச்சில் ஜெபம் வைத்தார். மெஷின் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்குமாம், பழகப் பழக இசைகூட ஓரளவு கேட்குமாம். ஆனால் அது கம்பெனியின் தப்பு என்று நினைத்துக் கொடுக்கிற மெஷின். நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டால் அவர்கள் அதை வாங்கித் தர வேண்டியதில்லை. நியாயம் அதுதானே, சார்? அந்த மெஷினைச் சொந்தமாக வாங்க மெர்சி வீட்டாரால் முடியாது. பரவாயில்லை, நான் இருக்கிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். சனிக்கிழமைக்குள் என்னை அனுப்பிவிட்டால் போதும். மெர்சியிடம் நீங்கள் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். நாலு பேர் சேர்ந்து பேசினால் அவள் பயந்துவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்கிறேன். நான் சொன்னால்தான் அவளுக்குப் புரியும்.