சிங்காரத்தின் சுமோவில் வயர் வெந்தது எப்படி என்று தைலம்மாள் சொன்னது

பெயர் தைலம்மாள், வயது அறுபத்தெட்டு, காலஞ்சென்ற சாமிக்கண்ணுவின் மனைவி, கடலூர் தேவனாம்பட்டினம். இரண்டாம் வகுப்பு வரைதான் போனேன், கையெழுத்துப் போடுவேன். 2008-ஆம் வருடம் அக்டோபர் மாதம், சிதம்பரம் காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அய்யா கேட்க, ஏட்டய்யா எழுத, நான் சொல்வது.

என் மகன் எழிலன் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காருக்குப் பாட்டு செட் மாட்டும் கடை வைத்திருக்கிறான். மனுக் கொடுத்த சிங்காரம் முன்பு எங்கள் தெருவில் இருந்தவன், இப்போது சிதம்பரத்தில் டிரைவர் வைத்துக் கல்யாண சவாரிக்கு சுமோ விடுகிறான். அவனுக்கும் எனக்கும் முன்விரோதம் உண்டா என்று அய்யா கேட்டார்கள். உண்டு. என் மகள் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில், வஞ்சிர மீன் என்று சொல்லி மலிவான சூரையைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று பந்தியில் நாலு பேர் காதுபடச் சொன்னவன் அவன். அது வஞ்சிரம்தான். என் வீட்டுக்காரர் போட்டில் வந்தது. ஆனால் இன்றைக்கு நான் சொல்வது அதை வைத்து அல்ல.

ஆடி மாதம் சிங்காரம் அவன் சுமோவுக்குப் பாட்டை அதிர வைக்கும் பாஸ் பெட்டியும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஆம்ப் பெட்டியும் மாட்டச் சொல்லி என் மகன் கடைக்கு வந்தான். நான் அன்றைக்குக் குழம்பு கொண்டுபோயிருந்தேன். என் மகன் பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டு, சிவப்பு வயரைப் பின்னால் வரை கொண்டுபோய் ஆம்ப்பில் மாட்டினான். அதன் பிறகு கறுப்பு வயரை வண்டியின் தகட்டில் போல்ட் வைத்து முறுக்குவதற்கு முன்னால், அந்த இடத்துப் பெயிண்டைத் தகடு வெளுக்கும் வரை சுரண்டினான். "புது வண்டிய ஏன்டா சுரண்டுற?" என்று சிங்காரம் சத்தம் போட்டான். "தகடும் வயரும் நேரா ஒட்டணும் மாமா, நடுவுல எது இருந்தாலும் சூடாவும்" என்று என் மகன் சொன்னான். இதை நான் என் காதால் கேட்டேன். அதன் பிறகு ஆயுத பூஜை வரைக்கும் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஆயுத பூஜை முடிந்த மறு வாரம், சேத்தியாத்தோப்பில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது பாட்டுச் சத்தத்தோடு பின்னாலிருந்து புகை வந்து, எல்லோரும் இறங்கி ஓடி, மண்ணை வாரிப் போட்டு அணைத்ததாகவும், கீழே விரித்திருந்த கார்ப்பெட் கருகியதாகவும், யாருக்கும் காயம் இல்லை என்றும் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு சிங்காரம், என் மகன் மட்டமான வயர் போட்டான், ஃபியூஸே போடவில்லை, ஆளைக் கொல்லப் பார்த்தான் என்று மனுக் கொடுக்கவும், போலீசார் என் மகனை இங்கே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, கடைச் சாவியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். கேஸ் போட்டால் அவன் கடை அதோடு சரி என்று எனக்குத் தெரியும். நான் இன்று காலை முதல் பஸ்ஸில் வந்தேன்.

வந்தவுடன், எழுதுவதற்கு முன்னால் வாசலில் நிற்கும் வண்டியைத் திறந்து பாருங்கள் என்று அய்யாவிடம் கேட்டேன். "கெழவிக்கு வயரப் பத்தி என்ன தெரியும்?" என்றான் சிங்காரம். "வயரப் பத்தித் தெரியாது, ஒன்னப் பத்தித் தெரியும்" என்றேன். அய்யா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்கள். அதன் பிறகு ஸ்டேஷன் ஜீப்புக்கு வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் ராபர்ட்டை வரவழைத்தார்கள்.

ராபர்ட் பேட்டரிப் பக்கம் திறந்தார். ஃபியூஸ் இருந்தது, போகாமலும் இருந்தது. சிவப்பு வயர் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு இடத்திலும் உருகவில்லை. கறுப்பு வயர், போல்ட்டை ஒட்டி ஒரு சாண் அளவுதான் வெந்து வழிந்திருந்தது, மீதி புதுசு போல இருந்தது. "வயர் மட்டமா இருந்தா முழுசும் வெந்திருக்கும் சார், சூடு இந்த போல்ட்டுல பொறந்திருக்கு" என்று ராபர்ட் சொல்லி, போல்ட்டைக் கழற்றினார். வயர் நுனியில் இருக்கும் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பத்துப் போட்டுக் கருகிய மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. துரு என்றார். நான் குனிந்து பார்த்தேன். கருகாத ஓரத்தில் மஞ்சளும் சிவப்பும் இருந்தது. மோந்து பார்த்தேன். "இது துரு இல்ல தம்பி, சந்தனமும் குங்குமமும்" என்றேன். அய்யாவும் மோந்து பார்த்தார்கள்.

"சாமிக்கு வச்சதக் குத்தம் சொல்றியா?" என்று சிங்காரம் எகிறினான். நானும் வருஷா வருஷம் என் மகன் கடையில் பொட்டு வைக்கிறவள்தான், வயர் முனையில் வைக்கப்போய் அவனிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். அதன் பிறகு ஆம்ப் பெட்டியைத் திருப்பச் சொன்னேன். அடிப்பக்கமும் பொட்டு இருந்தது. கழற்றாமல் அடியில் எப்படிப் பொட்டு வைத்தாய் என்று சிங்காரத்தைக் கேட்டேன். பதில் சொன்னது அவனுடைய டிரைவர் சடையப்பன். "ஆயுத பூசைக்கு மொதலாளி எல்லாத்தையும் கழட்டிப் படையல்ல வைக்கச் சொன்னாரு. வளையத்துலயும் சந்தனத்த அப்பி வச்சாரு. தொடைச்சிட்டு மாட்டலாம்னேன், சாமி பொட்டத் தொடைக்காதடான்னாரு. அப்படியே முறுக்கிட்டேன் ஆயா" என்றான்.

அதன் பிறகு ராபர்ட் தகட்டைச் சுரண்டி, வெந்த துண்டை வெட்டி எறிந்து, புது வளையம் போட்டு முறுக்கி, ஸ்டேஷன் வாசலிலேயே பாட்டு போட்டார். அய்யா உத்தரவின் பேரில் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினார்கள். உள்ளே இருந்த போலீஸ்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள், டீக்கடையில் நின்றவர்களும் வந்தார்கள். பாட்டு பல தடவை ஓடிய பிறகு, வயரை சிங்காரம் பிடித்துப் பார்க்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். பிடித்தான்.

"சுடுதா?" என்றேன்.

"இல்ல."

"பாட்டுல கேக்கல, சத்தமாச் சொல்லு."

"சுடலக்கா" என்றான். அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டது அந்த விருந்துக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

அதன் பிறகு சிங்காரம் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தான். வேலையில் குறை இல்லை என்பதையும் அதிலேயே எழுத வைத்தேன். அய்யா என் மகன் கையில் சாவியைக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஊர்க்காரர்கள், சமாதானமாகப் போங்கள் என்றும் சொன்னார்கள். கேஸ் வேண்டாம் என்பதில் எனக்குச் சம்மதம். சிங்காரத்தை நான் மன்னித்துவிட்டதாக ஏட்டய்யா தானாக ஒரு வரி சேர்த்திருந்தார். அப்படி நான் சொல்லவில்லை. அந்த வரியை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டல் குறைத்தல் இல்லை, நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நிஜம்.

(ஒப்பம்) தைலம்மாள்