பதினோராம் கம்பத்துக்கு இன்னும் விடியவில்லை

மார்ச் ஒன்பது, ஞாயிறு, மாலை ஆறேகால், தெருச் சங்கக் கூட்டம். நாற்காலியில் நாற்பத்திரண்டு பேர், சுவரோரம் நால்வர், நாளை காலை வெட்டுப்பட ஒரு மரம்.

கறாரில் கைதேர்ந்த தலைவர் அவர்களே! மரத்தை வெட்டக் கையெழுத்திட்ட பெரியோர்களே! கையெழுத்திட மறுத்த தாய்மார்களே! நான் தெருவிளக்குப் பொறியாளன். பேசத் தெரியாது, கம்பம் ஏறத் தெரியும்.

விடிந்த பிறகும் பதினோராம் கம்பத்து விளக்கு எரிகிறது. வெளிச்சம் பார்த்து விளக்கை அணைக்கும் சென்சாரை மரம் மறைக்கிறது. ஆகவே மரத்தை வெட்டு! இதுதானே உங்கள் தீர்மானம்? சளி பிடித்தால் மூக்கை அறுப்போமா?

இன்று விடியுமுன் ஒளி அளக்கும் மீட்டரோடு அந்த மரத்தடியில் நின்றேன். மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து வந்தாள் என் அக்கா, செவிலி.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"விளக்கு ரிப்பேர்க்கா."

"அத விடு. கிழக்கே பாரு."

பார்த்தேன். வெளி திறந்த கிழக்கு முனையில் முதல் விளக்கு அணைந்தது. அடுத்தது அணைந்தது. அதற்கடுத்ததும் அணைந்தது! மாடிகளுக்கு நடுவே, கம்பம் கம்பமாக, விடியல் நடந்து வருகிறது ஐயா, நடந்து வருகிறது! பதினொன்றில் நின்றது. உச்சிக் கிளையில் ஒளி, நடுக் கிளையில் சாம்பல், அடிக் கிளையில் இன்னும் இரவு.

"அந்த விளக்கு பொய் சொல்லலடா. அது இருக்கிற எடத்துல இன்னும் விடியல."

ஏறிப் பார்த்தேன். மீட்டரும் அதையே சொன்னது! ஏணி சாய்க்க வசதி என்று, சென்சாரைக் கிளையைப் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். திருப்பி வைத்தால் தீர்ந்தது.

என்ன தையற்கடை அண்ணே? "இதை நேத்தே சொல்லக்கூடாதா"வா? நேற்றுவரை அந்நேரம் நானும் குறட்டைதான் அண்ணே!

கவிதை எனக்கு வேப்பங்காய். ஆனால் அக்கா, தினமும் அடிக் கிளைக்கு வெளிச்சம் இறங்கும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறாளாம். ஏன் என்று கேட்டேன்.

"ராத்திரி பூரா மூச்சு எண்ணிட்டு வரேன்டா. ராத்திரி முடிஞ்சுதுன்னு எனக்கும் யாராவது சொல்லணும்ல?"

அதைச் சொல்லும் மரத்தையா வெட்டுவது? ஒரு திருகாணி வேலைக்கு ஒரு மரமா? பார்க்காமல் போட்ட கையெழுத்துக்குப் பறவைகளா பலி?

இனி நான் செய்யப்போவது:

1. தலைவர் தீர்மானத்தைத் தள்ளிவைக்கும்வரை மைக்கை விடமாட்டேன்.
2. விட்டதும் ஏணியோடு போய்ச் சென்சாரைத் திருப்புவேன்.
3. நாளை விடியுமுன் மரத்தடியில் நிற்பேன். கையெழுத்திட்டவர்கள் வந்து, பத்தாம் கம்பத்துக்குப் பின் பதினொன்று அணைகிறதா என்று பாருங்கள். யாரும் பேசவேண்டாம்.
4. ரம்பத்தோடு வருபவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.
5. பொறுத்துக் கேட்ட உங்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்லி, வணங்கி இறங்குவேன். தலைவரே, ஒன்றாவது அம்சம் என்னாயிற்று?