மெதுவாக விழுந்த குட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதனால் இதை நானே எழுதித் தருகிறேன். வெளியே காத்திருந்தபோது தங்கள் குமாஸ்தா எழுதிய காகிதம் ஒன்று கண்ணில் பட்டது. கோழி கிளறிய மாதிரி இருந்தது. மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு அது அழகல்ல.

என் பெயர் செங்கோட்டையன். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை என் கிணற்றில் பாறைக்கு வெடி வைக்க இறங்கிய சடையன் செத்துப்போனான். தண்ணீர் இறைக்கிற கமலை மாடு மிரண்டதால் அவனை மேலே இழுக்க முடியவில்லை என்று எங்கள் ஊர் மணியக்காரர் எழுதி அனுப்பியிருப்பார். அவர் நல்லவர், யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். ஆனால் என் மாடுகள் மிரளுகிற மாடுகள் அல்ல.

சடையனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் அப்பன் பொன்னன் எங்கள் ஆடுகளை மேய்த்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்விக்கு விடை தெரியாதவர்கள் வரிசையாக நிற்க வேண்டும், விடை சொன்னவன் ஒவ்வொருவன் தலையிலும் குட்டிக்கொண்டே வர வேண்டும். மணியன் வாத்தியார் இதில் பண்ணைக்காரன் பிள்ளை, ஆட்டுக்காரன் பிள்ளை என்று பார்க்க மாட்டார். என் தகப்பனாரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்.

விடை சொல்கிறவன் பெரும்பாலும் சடையன்தான். பதினாறாம் வாய்பாடு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் தலையில் நங்கென்று குட்டுவான். என்னிடம் வரும்போது மட்டும் விரல் முட்டியைச் சும்மா வைத்து எடுப்பான். "வலிக்காதுங்க" என்று காதோரம் சொல்லவும் செய்வான். என் அப்பாவுக்குப் பயந்து அப்படிச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அவன் பயப்படவில்லை, ஐயா. என்னைப் பார்த்து இரக்கப்பட்டான். கிழிந்த கோவணத்தோடு வந்தவன்.

ஒருநாள் வாத்தியார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவன் உள்ளங்கையில் நான்கு பிரம்படி கொடுத்தார். "விடை தெரிஞ்சவனுக்கு இரக்கம் எதுக்குடா? இரக்கப்படறவன் உருப்பட மாட்டான்" என்றார். மறுநாளும் சடையன் எனக்கு மெதுவாகத்தான் குட்டினான். அடி வாங்கியும் புத்தி வராத ஜன்மம். அன்றைய பாடத்தை அந்த வகுப்பில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

வாத்தியார் சொன்னபடியே ஆயிற்று. அவன் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கிணறு கிணறாக இறங்கிப் பாறை உடைத்தான். நான் உருப்பட்டேன். இருபது வருஷத்தில் குத்தகைக்காரன் எவனுக்கும் ஒரு பொழுது தவணை கொடுத்ததில்லை. பள்ளிக்கூடம்தான் மனிதனை உருவாக்குகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் என்னை வந்து பார்க்கலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் கிணறு வெட்டுகிற ஆட்கள் கிணற்றுமேட்டில் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் வருவதைக் கவனிக்காமல் சடையன் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "சாமிக்குப் படிப்பு அம்புட்டா ஏறாது. பாவம், மொகம் சுண்டிப் போயிரும். அதான் நா மெல்லமாத்தான் குட்டுவேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதில் கேலிகூட இல்லை. என்னைப் பாவம் என்று நினைத்துச் சிரித்தார்கள், கூழ் குடிக்கிறவர்கள்.

மறுநாள் வெடி வைக்கும் நேரத்தில் மாட்டுக்காரன் குழந்தைவேலை வண்டித்தடத்தில் ஆள் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். மற்ற ஆட்கள் களத்துப் பக்கம் ஒதுங்கினார்கள். மாட்டின் கயிறு என் கையில் இருந்தது. தண்ணீர் மொள்ளும் சாலைக் கழற்றிவிட்டு, வடக்கயிற்றில் ஆள் உட்காரப் பலகை கட்டியிருந்தோம். அடியில் சடையன் திரியைப் பற்றவைத்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து, இழுக்கச் சொல்லி வடத்தை இரண்டு தரம் ஆட்டினான். நான் மாட்டைக் கமலை இறக்கத்தில் ஓட்டினேன், பலகை மேலே வந்தது. பாதிக் கிணறு ஏறியிருப்பான். நிறுத்தினேன்.

"ஏனுங்க சாமி?" என்று குரல் வந்தது.

மாட்டை ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு நடத்தினேன். பழகின மாடுகள், சொன்னபடி கேட்டன. வடம் முழுவதும் உள்ளே இறங்கியது. இதை மணியக்காரர் எழுதியிருக்க மாட்டார்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் உண்மையின் மேல் எனக்குள்ள பற்று. பொய் சொல்லக் கூடாது என்றும் அதே பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன். அவன் பெண்சாதி ஆராயி வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஐந்தாம் நாள் அவள் என் வாசலில் வந்து நின்றாள். "மாடு மெரண்டா நீங்க என்ன சாமி பண்ணுவீங்க? மனசை உட்றாதீங்க. ஒழுங்காச் சாப்புடுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு. அன்று சோறு இறங்கவில்லை. இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

இனி ஒன்றுதான் பாக்கி. வடம் இறங்கியதும் நான் கிணற்று விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். படி இன்னும் வெட்டவில்லை. திரி பாறைக்குள் போய்விட்டது, பிடுங்க வழியில்லை. அவன் அண்ணாந்து என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் சும்மா நின்ற மாட்டின் கொம்புகளையும் பார்த்தான். புரிந்துகொண்டான், அவன் எப்போதும் சட்டென்று புரிந்துகொள்கிறவன். கெஞ்சுவான் என்று காத்திருந்தேன். கெஞ்சியிருந்தால் இழுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எட்டப் போயிருங்க சாமி, கல்லு தெறிக்கும்" என்றான்.

நான் எட்டப் போனேன். என் மேல் ஒரு கல்லும் படவில்லை.