உள்மடுவில் வேட்டையாடும் உரிமை

எனக்குச் சிறகி வாத்துக் கறி பிடிக்காது. உம்மா அதை மிளகு போட்டு வறுக்கிற நாளில் சந்து முனை வரைக்கும் மணக்கும் என்பார்கள். நான் பருப்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறிக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் மாஹிர். பதினேழு வயது. யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாப்பா படுத்திருக்கிறார், அதனால் மெதுவாகத்தான் பேச முடியும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தில் உளறவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னால் யாருக்கும் புரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஷாநவாஸ் எதிர் வீட்டுப் பையன். என்னைவிடக் கொஞ்சம் பெரியவன், ஆனாலும் எங்களுக்குள் வாடா போடாதான். இரண்டு பேரும் ஒரே நாளில் கவட்டை வாங்கினோம். ரப்பர் பட்டையை இழுத்துக் களிமண் உருண்டையால் அடிக்கிற கவட்டை. த்வாண்டேயில் பானை சுடுகிறவர்கள் சூளை மூலையில் உருண்டைகளையும் போட்டுச் சுட்டுக் கொடுப்பார்கள். கல்லைவிட நேராகப் போகும்.

வேட்டைக்கு நாங்கள் போவதும் த்வாண்டே பக்கம்தான். படகில் ஆற்றைக் கடந்து டலாவுக்குப் போய், அங்கிருந்து பஸ். ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் பெரிய நீர்நிலை ஒன்று இருக்கிறது. அதில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் ஊ தௌங் என்கிற பர்மியப் பெரியவர். அவருக்கு மீன் போதும். பறவை வேட்டையை வடிவேல் அண்ணனிடம் விட்டுவிட்டார். வடிவேல் அண்ணன் நம் தமிழ் ஆள், ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். யார் எங்கே அடிக்கலாம், எப்போது அடிக்கலாம் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

அவர் சட்டம் இதுதான். வெயில் மாதங்களில் வெளி வயலில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மழை மாதங்களில் பறவைகள் குஞ்சு பொரிக்கும், அப்போது யாரும் கவட்டையைத் தொடக் கூடாது. ஆனால் பரீட்சையில் தேறிப் பித்தளை வில்லை வாங்கியவர்கள் மட்டும் மழையிலும் உள்மடுவுக்குப் போகலாம். நாணலுக்கு உள்ளே இருக்கிற ஆழமான பகுதி உள்மடு. சிறகிகள் அங்கேதான் கூட்டமாக இறங்கும். வில்லை நாலு பேருக்குத்தான். ஒருவர் விலகினால்தான் இன்னொருவருக்கு.

"ஏண்ணே இப்படி?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"தெரிஞ்சவன் ஒண்ணு அடிச்சா ஒண்ணை எடுப்பான், நிறுத்துவான். தெரியாதவன் பத்து அடிச்சு நாலை எடுப்பான். மிச்ச ஆறும் நாணலுக்குள்ள கெடந்து சாகும். இப்ப சொல்லு, யாரை உள்ள விடுறது?"

பதில் நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். யார் அடித்தாலும் பறவைக்கு வலி ஒன்றுதானே. அப்படியிருக்க, ஒருவன் கழுத்தில் பித்தளை தொங்குகிறது என்பதற்காக, குஞ்சு வைத்திருக்கிற பறவையை அடிக்க அவனுக்கு மட்டும் எங்கிருந்து உரிமை வருகிறது?

பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம், வெயில் காலத்தில், உள்மடுக் கரையில் நடந்தது. ஒரு இடம் காலியாக இருந்தது, நானும் ஷாநவாஸும் போனோம். குறி இரண்டு பேருக்கும் சமம். சத்தத்தை வைத்துப் பறவையைச் சொல்வதில் நான்தான் மேல், அதை வடிவேல் அண்ணனே சொன்னார். கடைசியாக, அவர் காட்டுகிற பறவையை அடித்து அதை எடுத்து வர வேண்டும்.

நான் அடித்தேன். அது போய் விழுந்தது புயல் குழிக்கு அந்தப் பக்கம். கரை உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது தோண்டிவிட்டுப் போன குழி அது. உள்ளே முழுக்கச் சேறு, மேலே வெங்காயத்தாமரை மூடியிருக்கும், பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். ஆள் இறங்கினால் சேறு விடாது. அதனால் அந்த இடத்தில் நீளமான மூங்கில் கழி நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். நான் துணியைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"ஏன்டா நின்னுட்டே?"

"குழி இருக்குண்ணே."

"குழி இருக்குன்னுதானடா கழி நட்டிருக்கு. சுத்திப் போறதுக்கென்ன? அடிபட்டது துடிக்குது, நீ என்னமோ பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிறே."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் ஷாநவாஸ் கழியைச் சுற்றி ஓடிப் போய், நான் அடித்த பறவையைப் பிடித்து அறுத்துவிட்டான்.

இதில் நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒன்று இருக்கிறது. கவட்டையில் அடிபட்டு அப்படியே செத்த பறவை நமக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும். அதனால் முஸ்லிம் பையன்கள் பறவை விழுந்ததும் கத்தியை உருவிக்கொண்டு ஓடுவார்கள். வடிவேல் அண்ணன் ஓட மாட்டார், சுருட்டை முடித்துவிட்டு நிதானமாக நடப்பார். ஊ தௌங்கின் ஆட்களும் ஓட மாட்டார்கள். நாங்கள்தான் ஓடுவோம். ஓடும்போது கண் பறவை மேலேயே இருக்கும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

வில்லை ஷாநவாஸுக்குப் போனது.

நான் பொறாமைப்படவில்லை. உண்மையாகவே. அவன் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நான்தான் முதலில் கை கொடுத்தேன். ஆனால் ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டது. அவனைத் தேற வைத்தது அந்தக் கழி. குழி எங்கே இருக்கிறது என்று கழி சொன்னது, அவன் சுற்றிப் போனான். கழி இல்லாவிட்டால் அவனுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததைவிட ஒரு பிடியாவது அதிகமாகத் தெரியுமா? இதை யாரும் கேட்கவில்லை.

மழை தொடங்கியதும் வில்லைக்காரர்கள் உள்ளே போனார்கள், நான் கரையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷாநவாஸுக்கு அது பொறுக்கவில்லை. அவன் நல்லவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"யாபாதே, பரவாயில்ல, வாடா. யாரும் பாக்கல. நீ அடி, கேட்டா நான் அடிச்சதுன்னு சொல்லிக்கலாம்."

"வில்லை இல்லாதவன் வரக் கூடாதுன்னு இருக்கேடா."

"அட, இந்தா, கொஞ்ச நேரம் நீ மாட்டிக்கோ. கழுத்து அரிச்சா திருப்பிக் குடு."

விளையாட்டாகத்தான் சொன்னான். அன்றிலிருந்து பல தடவை என்னை உள்ளே கூட்டிப் போனான். நான் அடித்தது எல்லாம் அவன் கணக்கில் சேர்ந்தது. வடிவேல் அண்ணன் அவன் முதுகைத் தட்டுவார். அவன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவான். அந்தக் கண் சிமிட்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கே தெரியும்.

அது நடந்த அன்றைக்கு மழை விட்டிருந்தது. டலாவில் இறங்கி டீக்கடையில், எண்ணெயில் பொரித்த ஈச்சாக்குவேயை டீயில் தோய்த்துத் தின்றோம். அவன் என் பங்கிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டான். "பரீட்சைல நின்ன மாதிரி இன்னிக்கும் நின்னுடாதடா மாப்பிள்ளே," என்றான். நானும் சிரித்தேன். கோபத்தில் செய்தது இல்லை என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

உள்மடுவில் அவன் நாணலுக்குப் பின்னால் உட்கார்ந்தான். நான் சுற்றிப் போய்ப் பறவைகளைக் கிளப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழிக்குப் பக்கம் போனேன். கழியைப் பிடுங்கினேன். மழையில் மண் இளகியிருந்ததால் சுலபமாக வந்தது. துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு பரீட்சை, அவ்வளவுதான். எனக்கு வைத்த அதே பரீட்சை, அதே இடத்தில், உதவி எதுவும் இல்லாமல். அதில் அநியாயம் என்ன இருக்கிறது என்று நான் இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன்.

சிறகி ஒன்று குழிக்கு மேலே தாழப் பறந்தது. அடித்தேன். வெங்காயத்தாமரை மேல் விழுந்து சிறகடித்தது.

"ஷாநவாஸ், உசிரு இருக்குடா! ஓடியா!"

இப்படிக் கூப்பிட்டால் அவன் வருவான் என்று எனக்குத் தெரியும். நம்மில் யாராக இருந்தாலும் வருவார்கள். கத்தியை உருவிக்கொண்டு, உதட்டில் பிஸ்மில்லாஹ்வோடு ஓடி வந்தான். கண் பறவை மேல். கீழே பார்க்கவே இல்லை.

இடுப்பு வரைக்கும் இறங்கியதும் சிரித்தான். "டேய், கழி எங்கடா?" என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். கழி என் கையில் இருந்தது.

அப்போது அவன் சிரிப்பு நின்றது. ஆனால் என்னைத் திட்டவில்லை. "நீட்டுடா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். இரண்டு தடவை சொன்னான்.

நான் யோசித்தேன். அவனைத் தூக்கிவிட்டால் வடிவேல் அண்ணனிடம் சொல்வான். சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். தினமும் எதிர் வீட்டிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். பரீட்சைக்காகத்தான் செய்தேன் என்றால் யாருக்குப் புரியும்? கழி இரண்டு ஆள் நீளம். நின்ற இடத்திலிருந்தே எட்டும், ஒரு அடிகூட வைக்க வேண்டியதில்லை. இதையும் யோசித்தேன். நான் மெதுவாக யோசிக்கிறவன், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் யோசித்து முடித்தபோது வெங்காயத்தாமரை மறுபடியும் ஒன்றாகக் கூடிவிட்டது.

பிறகு துணியைக் கட்டிக் கழியைப் பழைய இடத்திலேயே நட்டேன். வேறு யாராவது விழுந்துவிடக் கூடாது அல்லவா. அதன் பிறகுதான் கத்தினேன். பறவை அதற்குள் தானாகவே செத்திருந்தது. அதை நான் தொடவில்லை, ஹராம்.

ஊ தௌங்கின் ஆட்கள் படகைக் கொண்டுவந்து மய்யித்தை எடுத்தார்கள். அன்றைக்கே யாங்கோனுக்குக் கொண்டுவந்து அடக்கினோம். நானும் தோள் கொடுத்தேன். கழி நட்டிருக்கும்போதே அவசரத்தில் கவனிக்காமல் ஓடிவிட்டான், வில்லை வாங்கியவனுக்கு இவ்வளவு அலட்சியமா என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அவன் வாப்பாவின் காதிலும் அது விழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. செத்தவனைப் பற்றி எதற்குத் தர்க்கம் செய்வது.

போன வாரம் வடிவேல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கண் சிவந்திருந்தது.

"அன்னிக்கு நீ நின்னே. நான் சிரிச்சேன். இன்னிக்குத்தான் தெரியுது, நிக்கத் தெரிஞ்சவன்தான் வேட்டைக்காரன். தப்பு என்னோடதுடா."

ஷாநவாஸின் வில்லையை என் கையில் வைத்தார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் கொடுத்தார். வாங்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். வாங்கிக்கொண்டேன். அது முதல் தூக்கம் இல்லை. நாளைக்கும் உள்மடுவுக்குப் போக வேண்டும், மறுநாளும் போக வேண்டும். போகாமல் இருக்க வழி தெரியவில்லை.

ஆனால் ஒன்று. அந்தச் சட்டம் இப்போது எனக்கு அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை. தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விடுவதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கரையில் உட்கார்ந்திருந்தபோது அது புரியவில்லை.

இன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு ஷாநவாஸின் தங்கை ஹுஸ்னா வாசலில் வந்து நின்றாள். அண்ணனை எங்களில் காக்கா என்போம், என்னையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மாஹிர் காக்கா, ஒரே ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போங்க. எங்க காக்கா விழுந்த எடத்துல நின்னு ஒரு யாசீன் ஓதிட்டு வந்துடறேன்."

"வில்லை இல்லாதவங்க உள்ள வரக் கூடாது ஹுஸ்னா."

"எங்க காக்கா உங்களைக் கூட்டிட்டுப் போனாங்கள்ல? உங்ககிட்ட அப்ப வில்லை இருந்துச்சா?"

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். "அவன் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது," என்றேன்.

அவள் அழுதுகொண்டே போனாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நீங்களே சொல்லுங்கள், இவளுக்கு மட்டும் விட்டால், கரையில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?