சூட்டுக்கு ஒரு வழி

கணினியைத் தரையில் வைக்கக் கூடாது. உங்கள் மேசைக்கு அடியில் ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கிறதே, வந்த விஷயத்துக்குப் போவதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன். அறையிலுள்ள தூசியெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும். அடியில் இரண்டு செங்கல் வையுங்கள், போதும்.

என் கணினி உங்களுடையதைப் போல மனு தட்டச்சு செய்கிற சாது அல்ல. விளையாட்டுக்கென்றே செய்த பெட்டி. மருமகன் வெளிநாடு போகும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாமல் என்னிடம் விட்டுப்போனார். இந்த வயதில் என்ன விளையாட்டு என்று உங்கள் புருவம் கேட்கிறது. வாய் கேட்காததற்கு நன்றி.

அது ஐந்து பேர் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டு. மற்ற நால்வரும் எங்கெங்கோ இருக்கிறவர்கள், முகம் பார்த்ததில்லை. காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் வழியாகப் பேசிக்கொள்வோம். என்னை ‘ஐஸ்’ என்பார்கள், சில சமயம் ‘பாஸ்’. வயது தெரியாது அவர்களுக்கு. இருமல் வந்தால் மைக்கை அணைத்துவிட்டு இருமுவேன். ஐஸ் ஃபேக்டரியில் காலமெல்லாம் வேலை பார்த்தேன், எந்தக் குழாயைத் திறக்கலாம் என்றுகூட என்னிடம் ஒருவரும் யோசனை கேட்டதில்லை. இங்கே நான்கு பேர் என்னைக் கேட்காமல் ஒரு கதவைத் தாண்ட மாட்டார்கள். அது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் நாலு பேரை ஏவுகிற உத்தியோகத்தில்தான் இருக்கிறீர்கள்.

பெட்டிக்கு இருந்த ஒரே நோய் சூடு. அதன் தலையில் ஈர சாக்ஸைப் போட்டால் இரண்டு ஆட்டம் முடிவதற்குள் அப்பளமாக மொறுமொறுத்துவிடும். எதிர்வீட்டுப் பூனை மழைக்காலம் முழுக்க அதன் பின்னால்தான் குடித்தனம் நடத்தியது. வெயில் காலம் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டது. நானும் பொறுத்துப் பார்த்தேன். ஆனால் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, சூடு தாங்காமல் பெட்டி தானாகவே அணைந்துவிடும். திரை கறுத்துப் போகும். மறுபடி உயிர் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே நாலு பேரும் செத்திருப்பார்கள். விளையாட்டில்தான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரப் பெண் வீட்டுக்கே வந்து பார்த்தாள். தூசி ஊதினாள், உள்ளே சூட்டைக் கடத்துகிற பசையை மாற்றினாள், ஒரு ஃபேனையும் மாற்றினாள். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஐயா, பெட்டிமேல தப்பில்ல. விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்குது. அந்தக் காத்து வெளிய போக ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா படத்தோட தரத்தைக் குறைச்சு ஆடுங்க, சூடு பாதியாயிடும்.”

படத்தை மங்கலாக்கி ஆடுவதற்கா கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். காற்றுக்கு வழி பண்ணுவது என்று முடிவெடுத்தேன். அது என் தொழில். குளிர் என்று தனியாக ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறோம். எடுத்த இடத்துக்குக் குளிர் என்று பேர். கொட்டிய இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் அறைக்கு ஒரு ஜன்னல். அது மேற்குப் பார்த்தது. திறந்தால் வெயில் நேரே முகத்தில் அறையும், திரையில் ஒன்றும் தெரியாது. வெளிச்சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஏசி வைக்க அந்த வீட்டு ஒயரிங் தாங்காது. மிஞ்சியது உட்பக்கத்துத் தடுப்பு, வெறும் பிளைவுட். அதில் வட்டமாக அறுத்து, சமையலறைப் புகைபோக்கிக்குப் போடுகிற மடக்குக் குழாயைப் பெட்டியின் முதுகிலிருந்து கொண்டுபோய்ச் செருகினேன். குழாய்க்குள் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். திரையின் மூலையில் சூட்டின் அளவு தெரியும்; அது படிப்படியாக இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல எனக்கு நிம்மதியாக இருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் அறை.

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்த பிறகு கட்டிலோடு சரி. கால்தான் வராது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கணினியை அவர் என் சம்சாரம் என்பார். குழாய் போட்ட அன்று தடுப்புக்கு அப்பாலிருந்து கேட்டார்: “ஏன்டா, உன் சம்சாரம் இப்படிப் பெருமூச்சு விடுறாளே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி விடச் சொல்லக் கூடாதா?”

“மூட்டுக்கு ஒத்தடம் மாதிரி நல்லதுண்ணே” என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அவர் குழாயின் வாயில் துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டார். ஆட்டத்தின் நடுவில் பெட்டி அணைந்தது. இது பிடிவாதம். குழாயின் வாய்க்கு ஒரு கம்பி வலை வைத்துத் திருகினேன். அப்போது தலையணையை வலைமேல் வைத்துத் தன் ஊன்றுகோலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். கால் வராத மனிதருக்கு அவ்வளவு சாமர்த்தியம். மறுபடியும் பெட்டி அணைந்தது. அன்றைக்குத்தான் காதில் ஒருத்தன் சொன்னான், நயமாகத்தான்: “பாஸ், ஃபைனல்ஸ் வருது. இன்னொரு வாட்டி பாதியில போனீங்கன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊன்றுகோலை எடுத்துக் கூடத்து மூலையில் வைத்தேன். எழுந்து நடக்காதவருக்கு ஊன்றுகோல் எதற்கு. கட்டிலையும் எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது; கதவு திறந்திருந்தால் சூடு கூடத்துக்கு வந்து, கூடத்திலிருந்து என் அறைக்கே திரும்பும். அதனால் கதவைச் சாத்தித் தாழ் போட வேண்டியிருந்தது. அவருடைய டேபிள் ஃபேனைக் கேட்கிறீர்கள். சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிற ஃபேனால் அவருக்கு என்ன பலன் சொல்லுங்கள். அதை என் பக்கம் கொண்டுவந்து பெட்டிக்கு நேராக வைத்தேன். அங்கே அதற்கு வேலை இருந்தது.

காலையில் வந்து அவரைத் துடைத்துவிட்டுச் சாப்பாடு கொடுத்துப் போகிற நர்ஸம்மா உங்களிடம் பேசியிருப்பார். என்னிடமும் சொன்னார்: “பெரியவர் ரூமுல கால் வெக்க முடியலைங்க. நீங்களே ஒரு தடவை உள்ள உக்காந்து பாருங்க.” நியாயமான பேச்சு. உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஆட்டம் ஆடும் நேரம்கூட என்னால் இருக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். ஆனால் என் உடம்பு ஐஸ் ஃபேக்டரி உடம்பு. அண்ணன் அப்படியில்லை, பஸ் எஞ்சின் பக்கத்திலேயே காலம் தள்ளியவர். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம், ஓய்வெடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னது நான்தான். பாவம், வாரமெல்லாம் உழைக்கிறவர். அன்றைக்குத்தான் எங்களுக்கு ஃபைனல்ஸ்.

அண்ணனுக்கு ஜக்கு நிறையத் தண்ணீர் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் என் முகத்தைப் பார்த்து, “இன்னிக்கு ரொம்ப நேரமாகுமா?” என்று கேட்டார். ஜெயித்தால் ஆகும் என்றேன். “அப்ப தோத்துடுடா” என்றார். கிண்டல்தான், எப்போதும் போல. கதவைச் சாத்தினேன்.

மத்தியான வெயில். பெட்டி தங்கமாக ஓடியது. முதல் ஆட்டம் முடிவதற்குள் தடுப்பில் சத்தம். டம்ளரால் தட்டினார். கட்டிலை அவ்வளவு தள்ளிப் போட்டும் எப்படித் தடுப்பு எட்டியது என்று கேட்டீர்கள். கட்டிலிலிருந்து இறங்கியிருக்கிறார். தரையில் கையை ஊன்றி நகர்ந்து வந்திருக்கிறார். அதை நான் அப்போதே யூகித்தேன், ஏனென்றால் சத்தம் தாழ்வாக, என் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

கதவையாவது திற என்றார். நான் ஒலியைக் கூட்டினேன். மைக்கில் அது விழுந்திருக்கிறது, ஒருத்தன் கேட்டான், “பாஸ், உங்க பக்கம் யாரோ கூப்பிடறாங்க போல?” பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்றேன். இந்த வாக்குமூலத்தில் நான் சொன்ன பொய் என்று ஒன்று உண்டென்றால் அது அவனிடம் சொன்னதுதான். உங்களிடம் இல்லை.

ஹெட்போனை மீறி இன்னும் ஒரு தடவை குரல் கேட்டது. அண்ணன் என்னை வாழ்நாளெல்லாம் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு “தம்பி” என்றார். அப்புறம், “முடியலப்பா” என்றார். வார்த்தை சுத்தமாகக் காதில் விழுந்தது. கேட்கவில்லை என்று சொல்லி உங்கள் வேலையைக் குறைக்கலாம்தான். கேட்டது. எழுந்தால் நாலு எட்டில் தாழ்ப்பாள். அந்த நேரம் நான் எழுந்திருந்தால் நால்வரும் தோற்றிருப்பார்கள்.

ஜெயித்தோம். காதுக்குள் ஒரே குதூகலம். ஐஸ் இல்லையென்றால் இன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது என்றான் ஒருத்தன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தடுப்பில் காதை வைத்துப் பார்த்தேன். தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. கண்ணயர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சூட்டில் தூக்கம் வருவதே பெரிய விஷயம். அதைக் கெடுப்பானேன் என்று, கதவைத் திறக்காமல், இன்னொரு ஆட்டம் ஆட உட்கார்ந்தேன்.